சிம்போராசோவில் புதிதாக இறங்குபவருக்கு: முதலில் உயரத்தைக் கேளுங்கள்

ஈக்வடாரின் நடுமலைப் பகுதியில் இருக்கிறது சிம்போராசோ மாகாணம். இங்கே யாராவது ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, "அது எத்தனை மீட்டர்?" என்பதுதான். எண் தெரிந்துவிட்டால் அங்கே என்ன விளையும், எந்த மொழி காதில் விழும், ராத்திரிக்கு எத்தனை போர்வை வேண்டும், படியேறினால் மூச்சு வாங்குமா என்பதையெல்லாம் ஏறக்குறைய ஊகித்துவிடலாம். தென்மேற்கு மூலையில் குமாந்தா சுமார் 300 மீட்டரில் இருக்கிறது. அங்கே வாழையும் கரும்பும் விளைகின்றன. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். அதே மாகாணத்தின் வடமேற்கில் சிம்போராசோ எரிமலையின் உச்சி 6,263 மீட்டர். இவ்வளவும் சுமார் 6,500 சதுர கிலோமீட்டருக்குள் அடக்கம். 2022 கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்போர் சுமார் 4,72,000 பேர்.

படிக்கவோ, வேலைக்கோ, சில வாரம் சுற்றிப் பார்க்கவோ வருகிறவர்கள் முதல் பத்து நாளில் செய்ய வேண்டியவற்றை அவை தேவைப்படும் வரிசையிலேயே சொல்கிறோம்.

1. வரைபடத்தைக் குறுக்காகப் படியுங்கள்

பெரும்பாலானோர் சாலையைப் பிடித்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்காகப் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் இந்த நிலம் புரியாது. மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு போடுங்கள். முதலில் மேற்கு மலைத்தொடர்: சிம்போராசோ, அதன் பக்கத்தில் காரிவாய்ராசோ. பிறகு சாம்போ ஆற்றின் பள்ளத்தாக்கு. தலைநகர் ரியோபாம்பா அங்கேதான், 2,754 மீட்டரில். அதைத் தாண்டினால் கிழக்கு மலைத்தொடர். அதில் எல் அல்த்தார் என்ற சிதைந்த எரிமலை 5,319 மீட்டர் உயரத்தில் பல் உடைந்த சீப்பு மாதிரி நிற்கும். அதற்கு அப்பால் நிலம் அமேசான் காட்டுக்குள் இறங்கிவிடுகிறது.

இரண்டு தொடர்களையும் ஏணிப்படி போலக் குறுக்கு மேடுகள் இணைக்கின்றன. ஸ்பானிய மொழியில் இவற்றை 'நூதோ', அதாவது முடிச்சு, என்பார்கள். குவாமோத்தேக்கும் அலவுசிக்கும் நடுவில் இருக்கும் தியோகாகாஸ் முடிச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே பெய்யும் மழை சாம்போ வழியாகப் பஸ்தாசா ஆற்றில் சேர்ந்து அமேசானோடு அட்லாண்டிக் போகிறது. தெற்கே பெய்வது சாஞ்சான் ஆறு வழியாகப் பசிபிக்கில் விழுகிறது. 1534-இல் ஸ்பானியத் தளபதி பெனால்காசாரும் இன்காப் படைத்தலைவர் ருமிஞாவியும் மோதியதும் இந்த மேட்டில்தான். பக்கத்திலேயே பல்மீரா மணல்மேடுகள் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே பாலைவனமா என்று வண்டியை நிறுத்திப் படமெடுப்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

ஊர்ப் பெயர்களில் மூன்று பொறிகள் இருக்கின்றன. சாம்போ இந்த மாகாணத்து ஊர். சிம்போ பக்கத்து பொலீவார் மாகாணத்து ஊர். பேருந்து நிலையச் சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். 'சிம்போராசோ' என்பது மாகாணம், மலை இரண்டுக்கும் பெயர் என்பதால், மலைக்குப் போக வேண்டும் என்றால் அதைச் சுற்றியுள்ள வனவிலங்குக் காப்பகத்தை நினைத்து "காப்பகம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது, 'பழைய ரியோபாம்பா'. 1797 பிப்ரவரி 4 அன்று வந்த நிலநடுக்கத்தில் குல்கா குன்று சரிந்து அன்றைய நகரத்தை மூடிவிட்டது. பிழைத்தவர்கள் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, தாப்பி சமவெளியில் இன்றைய நகரத்தைக் கட்டினார்கள். பழைய இடம் இப்போதைய காஹாபாம்பா, சிகால்பா. புதிய ரியோபாம்பாவின் தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல நேராக, மலைநகரத்துக்குப் பொருந்தாத அகலத்தில் இருப்பதற்கு இந்த இடமாற்றமே காரணம். 1830-இல் ஈக்வடாரின் முதல் அரசியலமைப்பு இங்கேதான் எழுதப்பட்டது.

2. உடம்புக்கு நான்கு நாள் கொடுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு வேகம். துறைமுக நகரமான குவாயாகில் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே காலையில் பேருந்து ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் ரியோபாம்பா வந்துவிடலாம். மறுநாள் சிம்போராசோ மலையேறுவோர் தங்கும் குடிலுக்கு வண்டி பிடித்தால் 4,850 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்து வரும். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. சொல்லப்போனால், மூச்சு நன்றாக இருக்கிறது என்று ஓடுகிறவர்கள்தான் முதலில் படுக்கிறார்கள்.

சரியான வரிசை இது. முதல் இரண்டு நாள் ரியோபாம்பாவிலேயே இருங்கள். தெருக்களில் நடந்தால் போதும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தள்ளிவையுங்கள், இரவில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மூன்றாம் நாள் கோல்த்தா ஏரி அல்லது குவாமோத்தே பக்கம், அதாவது 3,000 மீட்டருக்குச் சற்று மேலே, போய்விட்டு இரவு ரியோபாம்பாவுக்கே திரும்புங்கள். நான்காம் நாளுக்குப் பிறகு குடில். 3,000 மீட்டருக்கு மேல் தங்க நேர்ந்தால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் அதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வர வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முக்கியமாகச் சொல்லிவிடுங்கள். பெரு, பொலிவியா போலக் கோகா இலை மெல்லும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. தேடி அலைய வேண்டாம்.

தலைவலியோடு நின்றால் ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுங்கள். ஒருவர் குடித்தவர்போலத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ அதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லை, நள்ளிரவானாலும் இறக்குங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினாலே ஆள் மாறிவிடுவார். அவசர எண் 911.

வெயிலையும் குறைத்து எடைபோடாதீர்கள். 14 டிகிரி குளிரில் தோல் உரியும் என்பதை யாரும் முதலில் நம்புவதில்லை. நிலநடுக்கோட்டுச் சூரியன் இந்த உயரத்தில் மேகத்துக்குள்ளிருந்தும் சுடும். தொப்பி, கண்ணாடி, உதட்டுக்குக் களிம்பு மூன்றும் தினசரித் தேவை.

வீடு எடுத்துத் தங்குபவர்களுக்குச் சமையலறைக் குறிப்பு ஒன்று. ரியோபாம்பாவில் தண்ணீர் சுமார் 91 டிகிரியில் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எத்தனை மணி நேரம் வைத்தாலும் கல் மாதிரியே இருக்கும். முதல் செலவு பிரஷர் குக்கராக இருக்கட்டும்.

3. எந்த மாதம் எந்தப் பக்கம்

பள்ளத்தாக்கில் மழை இரண்டு தவணையாக வருகிறது: பிப்ரவரி முதல் மே வரை ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும். சிம்போராசோவின் மேற்குச் சரிவில் அந்தக் காற்று மணலை முகத்தில் அறையும். கிழக்குத் தொடரில் கணக்கு தலைகீழ். அமேசான் ஈரம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அங்கே கொட்டுகிறது. ஜூலை விடுமுறையில் வந்து எல் அல்த்தாருக்குப் புறப்படுகிறவர்கள் முழங்கால் சேற்றில் மாட்டிக்கொள்வது இதனால்தான். அதற்கு டிசம்பர், ஜனவரியில் போங்கள். பெனிப்பே வட்டத்தின் காந்தெலாரியா கிராமத்திலிருந்து கொயானெஸ் சமவெளிவரை ஐந்தாறு மணி நேரம் நடக்க வேண்டும். மலையேறும் காலணியைவிட அங்கே விவசாயிகள் போடும் உயரமான ரப்பர் பூட்ஸ்தான் சரி.

4. பேருந்து, சில்லறை, மறியல்

நாட்டின் தலைநகர் கீட்டோவின் தென்புற நிலையமான கித்தூம்பேயிலிருந்து ரியோபாம்பா சுமார் நான்கு மணி நேரம். ரியோபாம்பாவிலிருந்து உள்ளூர் வண்டிகள் எல்லாம் ஒரே நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. பெனிப்பே, குவானோ, கோல்த்தா ஒவ்வொன்றுக்கும் நிறுத்தம் வேறு. முந்தின நாளே விடுதியில் கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2000-லிருந்து நாட்டின் பணம் அமெரிக்க டாலர். 20 டாலர் நோட்டு கொடுத்தாலே கிராமத்துக் கடைக்காரர் முகம் சுருங்கும். 50, 100 நோட்டுகளை வாங்கவே மாட்டார்கள். வங்கியிலேயே ஒரு டாலர் நாணயங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலை அடைபடுவது இரண்டு காரணத்தால். ஒன்று மண்சரிவு. 2023 மார்ச் 26 இரவு அலவுசியில் மலை சரிந்து ஊரின் ஒரு பகுதியையே மூடியது. மழைக்காலத்தில் தெற்கே போகிறவர்கள் சாலை நிலவரத்தை அன்றன்று பாருங்கள். இன்னொன்று, 'பாரோ' எனப்படும் மறியல். 2019 அக்டோபரிலும் 2022 ஜூனிலும் பழங்குடி அமைப்புகள் நாடு முழுவதும் சாலைகளை நிறுத்தின. 2022-இல் 18 நாள் நீடித்தது. வெட்டிய மரமும் எரியும் டயரும் குறுக்கே கிடந்தால் வாதாடாதீர்கள், வீடியோவும் எடுக்காதீர்கள். இறங்கி நடந்து போகிறவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மாகாணத்தில் வேலை என்றால் வீட்டில் ஒரு வாரச் சாமானும் சமையல் எரிவாயு உருளையும் எப்போதும் இருக்கட்டும்.

ரயில் ஆசையோடு வருபவர்களுக்கு: அலவுசி அருகே சாத்தான் மூக்கு என்று பெயர்பெற்ற குன்றில் தண்டவாளம் இசட் எழுத்துபோல மடிந்து, வண்டி முன்னும் பின்னுமாக ஓடி இறங்கும். கடற்கரையையும் கீட்டோவையும் இணைத்த இந்தப் பாதை 1908-இல் முடிந்தது. அரசு ரயில் நிறுவனம் 2020-இல் கலைக்கப்பட்டது. ஆகவே ரயில் ஓடுகிறதா என்று அலவுசியில் விசாரித்துவிட்டு மட்டுமே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

5. கிழமையைப் பார்த்து ஊருக்குப் போங்கள்

இங்கே ஓர் ஊரைப் பார்ப்பது என்றால் அதன் சந்தை நாளைப் பார்ப்பது. வியாழன் குவாமோத்தே, சனி ரியோபாம்பா, ஞாயிறு காஹாபாம்பா. மற்ற நாளில் குவாமோத்தே போனால் மூடிய கதவுகளும் காற்றும்தான்.

வியாழன் காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். பதினொன்றுக்கு மேல் நல்ல சரக்கு கலைந்துவிடும். ஆட்டையும் பன்றியையும் கயிற்றில் பிடித்து நிற்பவர்கள் மேல்தெருவில் இருப்பார்கள். கீழே உருளைக்கிழங்கு மூட்டைகள், வாய் திறந்தபடி. மொத்த விலை 'கிந்தால்' கணக்கு: 100 பவுண்டு, அதாவது 45 கிலோவுக்குச் சற்று மேல். சில்லறையும் பவுண்டில்தான். எடைத்தட்டில் ஒன்று என்று பார்த்துக் கிலோ என நினைத்து, "எவ்வளவு மலிவு" என்று மகிழ்வது புதியவர்களின் வழக்கம். மூட்டையின் மேல்பகுதியில் பெரிய கிழங்குகளை அடுக்கியிருப்பார்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேரம் லேசாகச் செய்யலாம். அதைவிடக் கேட்க வேண்டியது 'யாப்பா'. விலை முடிந்த பிறகு விற்பவர் கூடுதலாக ஒரு கைப்பிடி போடுவார். இந்த மலைப் பழங்குடியினரின் மொழியான கிச்சுவாச் சொல், நம்முடைய கொசுறேதான். கேட்காவிட்டால் அடுத்த வாரமும் நீங்கள் அந்நியர்தான்.

6. மனிதர்கள்

2010 கணக்கெடுப்பில் மாகாணத்தில் 38 விழுக்காட்டினர் தங்களைப் பழங்குடியினர் என்று பதிந்தார்கள். குவாமோத்தே வட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் புருஹா மக்கள். பள்ளத்தாக்கின் நகரங்களில் மெஸ்தீசோ எனப்படும் கலப்பினத்தார் அதிகம். உயரம் கூடக்கூட ஸ்பானியம் குறைந்து கிச்சுவா கூடும். இது இயற்கையாக அமைந்ததல்ல. தாழ்வான, நீர்வளமுள்ள நிலங்களைப் பெரும்பண்ணைகள் பிடித்துக்கொள்ள, மக்கள் மேலே தள்ளப்பட்டார்கள். பண்ணையில் வேலை செய்தால் ஒரு துண்டு நிலம் உழுதுகொள்ளலாம் என்ற முறைக்குப் பெயர் வாசிபுங்கு. கிச்சுவாவில் 'வீட்டு வாசல்' என்று பொருள். 1964 நிலச்சீர்திருத்தம்தான் அதைச் சட்டப்படி ஒழித்தது.

இந்த வரலாற்றின் மூன்று பெயர்கள் தெரிந்திருந்தால் சுவரோவியங்களும் தெருப்பெயர்களும் விளங்கும். 1871-இல் வரிக்கும் கட்டாய வேலைக்கும் எதிராக எழுந்த பெர்னாந்தோ தாக்கிலேமா, உடன் நின்ற மனுவேலா லியோன். இருவரும் 1872-இல் கொல்லப்பட்டார்கள். மூன்றாமவர் லியோனிதாஸ் புரோவாஞோ. 1954 முதல் 1985 வரை ரியோபாம்பாவின் ஆயர். மறைமாவட்டத்தின் பண்ணை நிலங்களை உழவர்களுக்குக் கொடுத்தார். 1962-இல் எழுத்தறிவுக்காக வானொலிப் பள்ளிகளைத் தொடங்கினார். 'இந்தியர்களின் ஆயர்' என்று இன்றும் சொல்வார்கள்.

கிராமத்துக்குள் நுழையும்போது:

கிராமம் பெரும்பாலும் 'கொமூனா', அதாவது சட்டப்படி பதிவான சமூகம். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'கபில்தோ' என்ற நிர்வாகக் குழு உண்டு. மேலே உள்ள புல்வெளியில் நடக்கவோ, ஆய்வுக்கோ, படப்பிடிப்புக்கோ முதலில் அதன் தலைவரைப் பாருங்கள். "யாருமில்லாத மலைதானே" என்று ஏறிப் போனால் ஆடு மேய்க்கும் பாட்டி நிறுத்துவார், அதில் நியாயமும் உண்டு. அந்தப் புல்வெளிக்குப் பாரமோ என்று பெயர். அதன் கருமண் பஞ்சுபோல நீரைப் பிடித்துவைத்துக் கீழேயுள்ள ஊர்களின் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே தீ மூட்டுவதை ஊரார் மன்னிக்க மாட்டார்கள்.

வயதில் மூத்தவரைத் 'தாய்த்தா' என்றும் 'மாமா' என்றும் அழையுங்கள். நம் காதுக்கு முறை மாறிக் கேட்கும்: தாய்த்தா என்றால் தந்தை, மாமா என்றால் தாய். மலைகளுக்கும் இதே மரியாதை. தாய்த்தா சிம்போராசோ, பக்கத்து எரிமலை மாமா துங்குராவா. ஸ்பானியத்தில் எவரிடமும் 'உஸ்தெத்' என்ற மரியாதை வடிவத்தையே பயன்படுத்துங்கள். பண்ணைக் காலத்தில் எசமானர்கள் ஒருமையில் கூப்பிட்ட நினைவு இன்னும் போகவில்லை. நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் பழங்குடிப் பெண்கள் எல்லாரையும் 'மரியா' என்று கூப்பிடுவதைக் கேட்பீர்கள். நீங்களும் அப்படி அழைக்காதீர்கள்.

மிங்கா என்ற கூட்டு வேலைக்குக் கூப்பிட்டால் போங்கள். வாய்க்கால் தூர்வாருவது, பாதை போடுவது எதுவாகவும் இருக்கும். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டி சொந்தமாக. ஒரு நாள் மிங்காவில் கிடைக்கும் அறிமுகம் மூன்று மாதம் தெருவில் நடந்தாலும் கிடைக்காது.

உபசாரமாகச் சாராயம் நீட்டும் முன் யோசியுங்கள். கோல்த்தா வட்டாரத்தில் 1960-களுக்குப் பிறகு ஏராளமானோர் சுவிசேஷச் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்கள் மதுவைத் தொடுவதில்லை. அடுத்த கிராமமோ கத்தோலிக்கம். அங்கே கோப்பையை மறுத்தால் மனம் கோணும். எந்தச் சபைக் கட்டடம் ஊர் நடுவில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

புதிதாகக் கட்டிய மூன்று மாடி வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் வியக்க வேண்டாம். குவாமோத்தே, கோல்த்தாவிலிருந்து கீட்டோவுக்கும் குவாயாகிலுக்கும், சுஞ்சியிலிருந்து அமெரிக்காவுக்கும் போனவர்கள் அனுப்பும் பணம் அது. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம்.

7. மொழி: தமிழருக்கு இங்கே ஒரு சலுகை

ஸ்பானியம் வழி கிச்சுவா படிப்பவர்கள் விகுதிகளில் தடுமாறுவார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அவ்வளவு பாடில்லை. வாசி என்றால் வீடு. வாசிகுனா வீடுகள், வாசிபி வீட்டில், வாசிமன் வீட்டுக்கு, வாசிமந்தா வீட்டிலிருந்து. வினை கடைசியில் வரும்: "ஞுகா வாசிமன் ரினி", நான் வீட்டுக்குப் போகிறேன், சொல்லுக்குச் சொல் அதே வரிசை. மற்றவர்கள் திணறும் அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் ஞ என்று எழுத்தே இருக்கிறது. கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்பதுபோல 'சு' சேர்ப்பார்கள்: "பாபா தியாஞ்சு?" என்றால் "உருளைக்கிழங்கு இருக்கா?" ஆனால் ஒரு கண்ணி: இல்லை என்பதற்கும் அதே 'சு' வரும், முன்னால் 'மனா' போட்டு: "மனா தியாஞ்சு." நாம், நாங்கள் என்ற வேறுபாடு தெற்கே பெருவின் கெச்சுவாவில் உண்டு, ஈக்வடாரில் இரண்டுக்கும் 'ஞுகாஞ்சிக்' ஒன்றே.

முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்: காலை வணக்கம் 'அயி புஞ்சா', நன்றி 'யுபாய்ச்சானி', எவ்வளவு என்பதற்கு 'மஷ்னா', ஆம் 'ஆரி'. குளிர் தாங்காமல் சொல்வது 'அச்சச்சாய்'; அதைக் கற்றுத்தர ஆள் தேவையில்லை.

இவ்வூர் ஸ்பானியத்திலும் கிச்சுவா ஊறியிருக்கிறது. "ரொட்டி வாங்கிக் கொடுங்கள்" என்பதை "தேமே கொம்ப்ராந்தோ எல் பான்" என்பார்கள். 'வாங்கிக் கொடு' என்ற அதே இரட்டை வினை. ஸ்பெயினில் இருந்து வந்தவர் இதைக் கேட்டு விழிப்பார்.

8. சாப்பாடு

மதியச் சாப்பாட்டுக்கு 'அல்முவேர்சோ' என்று கேட்டால் சூப், சோறும் தொட்டுக்கொள்ளவும், பழச்சாறு மூன்றும் மலிவாகக் கிடைக்கும். சைவர்கள் "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, சூரைமீன், எலும்புச்சாறு, பன்றிக்கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள்: 'ஷாப்பிங்காச்சோ' என்ற உருளைக்கிழங்கு அடை பெரும்பாலும் அந்தக் கொழுப்பில்தான் சிவக்கிறது.

ரியோபாம்பாவின் தெருத்தின்பண்டம் செவிசோச்சோ. சோச்சோ ஒரு வெள்ளைப் பயறு, லூபின் வகை. பறித்தபடி சாப்பிட முடியாது. கசப்பும் நச்சும் உண்டு. ஊறவைத்து, வேகவைத்து, பிறகு மூட்டையாகக் கட்டி நான்கைந்து நாள் ஓடும் நீரில் போட்டுவைப்பார்கள். கசப்பு முழுதும் போன பிறகுதான் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்ந்து தட்டுக்கு வரும். வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிடுங்கள். அவசரப்பட்டு அலசிய சரக்கு. இதிலும் மேலே வெந்த பன்றித்தோல் துண்டுகள் போடுவது வழக்கம். 'சின் குவேரோ' என்றால் விட்டுவிடுவார்கள். அசைவர்களுக்கு லா மெர்செத் சந்தையில் முழுப் பன்றி வறுவல், ஓர்நாதோ. கிராமங்களில் விருந்தாளிக்குக் கினிப்பன்றி. காலைக்கு மாச்சிகா, அதாவது வறுத்த பார்லி மாவு. வெந்நீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்துத் தருவார்கள்.

9. மலைக்குப் போகும் நாள்

பூமி நடுவில் பருத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் சிம்போராசோ உச்சிதான் அதிகத் தொலைவில் இருக்கிறது: சுமார் 6,384 கிலோமீட்டர், எவரெஸ்டைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதல். 1802-இல் ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட் உச்சியைத் தொடாமல் திரும்பினார். 1880 ஜனவரியில் ஆங்கில மலையேறி எட்வர்ட் விம்பர், கார்ரெல் குடும்பத்து இத்தாலிய வழிகாட்டிகள் இருவரோடு முதன்முதலாக ஏறினார். யாரும் நம்பாததால் அதே ஆண்டு ஜூலையில் இரண்டு ஈக்வடார்காரர்களைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். குடில்களுக்கு அவர்கள் பெயரே: கார்ரெல் 4,850 மீட்டர், விம்பர் 5,000-க்குச் சற்று மேல்.

தமிழர்களோடு இந்த மலைக்கு ஓர் உறவும் உண்டு. 1860-இல் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் இதன் மேற்குச் சரிவுக் காடுகளில் மலேரியாவுக்கான கொயினா மருந்து தரும் செம்பட்டைச் சிங்கோனா மரத்தின் விதைகளையும் நாற்றுகளையும் சேகரித்து அனுப்பினார். நீலகிரியின் கொயினாத் தோட்டங்கள் அதிலிருந்து வளர்ந்தவை.

காலை ஏழு மணிக்கு முன் ரியோபாம்பாவில் எல் அரெனால் வழியாக குவாராந்தா போகும் பேருந்தைப் பிடித்து, ஓட்டுநரிடம் காப்பக வாசலில் இறக்கச் சொல்லுங்கள். சுமார் ஒரு மணி நேரம். வாசலில் கடவுச்சீட்டைக் காட்டிப் பெயர் பதியுங்கள். அங்கிருந்து கார்ரெல் குடில் எட்டு கிலோமீட்டர் மண்சாலை. நடக்காதீர்கள். வாசலில் நிற்கும் பிக்கப் வண்டியைப் பேசுங்கள். அந்தச் சக்தி மேலே தேவைப்படும். வழியில் பழுப்பு நிற விக்கூஞாக்கள் நிற்கும். இங்கே அழிந்துபோயிருந்த இந்த விலங்கு 1988-இல் பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கொண்டுவரப்பட்டு மீண்டும் பெருகியது.

கார்ரெலிலிருந்து விம்பர்வரை தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. முக்கால் மணி நேரம் ஆகும். இருபது அடி நடந்து, நின்று, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மறுபடி இருபது அடி. பக்கத்தில் போகிறவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். கையில் கையுறை, காற்றுத் தடுப்பு மேலங்கி, இனிப்பு ஏதாவது இருக்கட்டும். உச்சிக்கு ஏற விரும்பினால் சான்றுபெற்ற வழிகாட்டி இல்லாமல் அனுமதி கிடையாது. இரவு பத்து, பதினொன்றுக்குக் கிளம்பி விடிவதற்குள் மேலே போவார்கள். வெயில் ஏறியதும் பனியில் ஒட்டியிருந்த கற்கள் கழன்று உருளும்; பத்து மணிக்கு மேல் அந்தச் சரிவில் நிற்கக் கூடாது.

பல்தாசார் உஷ்கா இந்த மலையின் பனிக்கட்டியைக் கோடரியால் வெட்டி, புல்லில் பொதிந்து, கழுதை மீது ஏற்றி ரியோபாம்பாச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். கடைசிப் பனிவெட்டி என்று பெயர்பெற்ற அவர் 2024-இல் காலமானார். அந்தப் பனியில் செய்த பழச்சாறுக்கு லா மெர்செத்தில் 'ரோம்பேநூக்கா', பிடரி உடைப்பான், என்று பெயர். உயரத்திலிருந்து இறங்கிய அன்றே குடிக்காதீர்கள்; தொண்டை கட்டும்.

திரும்பும் பேருந்துக்கு நிறுத்தப் பலகை எதுவுமில்லை. மூன்று மணிக்குள் காப்பக வாசலுக்கு வந்துவிடுங்கள். நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஓட்டுநருக்கு நீங்கள் கண்ணில் பட மாட்டீர்கள். பளிச்சென்ற நிறத்தில் மேல்சட்டை போட்டு, சாலையில் ரியோபாம்பா போகும் பக்கம் நின்று, கையை நன்றாக அகலமாக ஆட்டுங்கள். அதற்குள் ஒரு டாலர் நாணயங்களை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விறைத்த விரலால் பணப்பையைத் திறக்க வராது.